போதும் என்ற பிறகு ஒரு திருகு

எங்கள் ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தால், கறுத்த இரும்பின் நடுவே பித்தளை நிறத்தில் ஒரு தழும்பு தெரியும். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டின் மூடியில், போல்ட் நுழைகிற காது ஒன்று உடைந்து ஒட்டவைத்த இடம் அது. உடைத்தவள் நான்தான். எண்ணெய் மாற்ற வருகிற மெக்கானிக் ஒவ்வொரு தடவையும் அதைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அதை ஜீப்பில் மாட்டியவரே அவர்தான், அவருக்கு விஷயம் தெரியும்.

என் கணவர் திருவெறும்பூர் பக்கத்துப் பெரிய தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பொருத்துகிற பிரிவில் வேலை பார்த்தவர். ஸ்ரீரங்கத்தில் ஓய்வு பெற்ற மனிதர்கள் காலையில் கோயிலுக்குப் போவார்கள், வந்து பேப்பர் படிப்பார்கள், மருமகளைக் குறை சொல்வார்கள். இவர் ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்தார். வையம்பட்டிக்கு அந்தப் பக்கம் அவருடைய அப்பா விட்டுப்போன மானாவாரி நிலம் இருக்கிறது. மழை பெய்தால் வண்டிப்பாதை களிச்சேறாகிவிடும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் உள்ளே போகும் என்பது அவர் வாதம். அந்த ஊரில் மழை என்றைக்குப் பெய்தது என்று கேட்டேன். என் பேச்சை அவர் என்றைக்குக் காதில் போட்டுக்கொண்டார்?

வாங்கி வந்த ஜீப்போ பின்சக்கரம் இரண்டை மட்டும் இழுத்தது. நாலுக்கும் மாற்றுகிற லீவரைப் போட்டால் நழுவி வெளியே வந்தது. ஊளையிட்டது. ஷெட் தரையெல்லாம் எண்ணெய். கியர்பெட்டியிலிருந்து வரும் சக்தியை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி ஒன்று அதற்குள் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். கோளாறு அதில்தான் என்றார்.

"ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிடுங்களேன்" என்றேன்.

"ஆள் உயர வால்வெல்லாம் பொருத்தினவன் நான். இதைப் போயி இன்னொருத்தன் கையில குடுக்கணுமா?"

கழற்றி இறக்கி, ஷெட்டில் ஒரு கனத்த ஸ்டூல்மேல் வைத்தார். பல்சக்கரம், தண்டு, பேரிங், வாஷர் என்று எல்லாவற்றையும் பழைய பேப்பர்மேல் வரிசையாகப் பரப்பினார். நான் சாதம் கொட்டி வைக்கிற அன்னக்கூடையை எடுத்துப் போய் அதில் டீசல் ஊற்றிப் பல்சக்கரங்களைக் கழுவினார். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். ரசம் சாதத்துக்கு இன்னொரு கரண்டி சாதம் எடுத்துக்கொண்டு போனேன். "போதும்" என்றார். எங்கள் பக்கம் சாப்பாட்டில் ஒருவர் போதும் என்றால் யாரும் அதை நம்புவதில்லை. முதல் போதும் மரியாதைக்குச் சொல்வது. அதற்குமேல் ஒரு கரண்டி போட்டால்தான் பரிமாறுகிறவளுக்கு மனசு ஆறும். தட்டை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு குனிந்தால்தான் அது நிஜமான போதும். நானும் வழக்கம்போல ஒரு கரண்டி போட்டேன். அவர் அந்தச் சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தது. அப்படியே சரிந்தார்.

தில்லை நகர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் போயிருந்தது, ஒரு வார்த்தையைத் தவிர. போதும். அது மட்டும் எப்படித் தங்கியது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். சிலருக்கு அப்படி ஒரே சொல் நின்றுவிடும், ஏன் என்று சொல்ல முடியாது, நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும் என்றார். தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும். டிவியை நிறுத்தச் சொன்னாலும் போதும். கோபம் வந்தால் போதும், போதும், போதும். நான் அந்த ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தை வைத்துக் குடும்பம் நடத்தினேன்.

சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் ஷெட் பக்கமே பார்ப்பார். அங்கே பேப்பர்மேல் ஒன்றும் இல்லை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் மிதித்துவிடப் போகிறார்கள் என்று நான்தான் எல்லாவற்றையும் வாரி ஒரு பக்கெட்டில் போட்டிருந்தேன். "எடைக்குப் போட்டுடலாம்மா" என்றான் சென்னையிலிருந்து வந்திருந்த மகன். அவன் சொன்னதைக் கேட்டு இவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதன்பிறகு இரண்டு வேளை சாப்பிட வாயைத் திறக்கவில்லை. பெட்டி போனால் இந்த மனிதரும் போய்விடுவார் என்று தோன்றியது. மகன் ஊருக்குப் போனதும் பக்கெட்டை இழுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் கவிழ்த்தேன்.

தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவேன். இடது கையால் அது போகிற இடத்தைக் காட்டுவார். தப்பாக வைத்தால் உரத்த போதும். சரியாக வைத்தால் இழுத்துச் சொல்கிற போதும். பால்பண்ணை பஸ் ஸ்டாப் பக்கம் பேரிங் வாங்கப் போனபோது கடைக்காரர், "மெக்கானிக்கை அனுப்புங்கம்மா" என்றார். "மெக்கானிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேங்குறாருங்க" என்றேன். சிரித்தார். எனக்கும் வெகுநாள் கழித்துச் சிரிப்பு வந்தது.

நடுப் பல்சக்கரத்துக்குள் ஊசி ஊசியாக உருளைகள் அடுக்க வேண்டும். கிரீஸில் ஒட்டி ஒட்டி அடுக்கி, தண்டை நுழைக்கும்போது எல்லாம் சரிந்து கொட்டும். கொட்டினால் அவர் சிரிப்பார். வாயின் ஒரு பாதிதான் சிரிக்கும். அந்தப் பாதிச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை கொட்டலாம் என்றிருக்கும். மூடிக்கு அடியில் மெல்லிய தகடுகள் வைத்து, தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒரு தகடு கூட்டணும், ஆட்டம் இருந்தால் ஒன்றை எடுக்கணும். அதை அவரே இடது கையால் பிடித்துச் சுழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். பிறகு மெதுவாகப் போதும் என்றார். அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டார்.

கடைசியாக அந்தப் பின் மூடியின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி போல்ட். ஸ்பேனரை இழுத்தேன். "போதும்" என்றார். கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் கை பரிமாறுகிற கை அல்லவா, இன்னும் ஒரு திருகு போட்டது. டிக் என்று ஒரு சத்தம். மூடியின் காது முறிந்து எண்ணெய்த் தட்டில் விழுந்தது.

"வேற ஏதாவது சொல்லித் தொலைஞ்சா என்ன? நிறுத்துன்னு சொல்லக் கூடாதா? எல்லாத்துக்கும் ஒரே போதும்தானா?" என்று கத்தினேன். பேச முடியாத மனிதரைப் பார்த்து அப்படிக் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. உடைந்த துண்டைத் தரும்படி கையை நீட்டினார். மடியில் வைத்துக்கொண்டு தடவினார். "போதும்" என்றார். அதட்டல் இல்லை, இழுப்பு இல்லை. தணிந்த குரலில், ஒரே ஒரு தடவை.

அரியமங்கலத்தில் ஒருவர் பித்தளை உருக்கி அந்தக் காதை ஒட்டிக் கொடுத்தார். மறுபடி மூடியை வைத்து முறுக்கினேன். அதே தணிந்த போதும் வந்தது. கை நின்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன முதல் போதுமுக்கு நான் நின்றது அதுதான் முதல் தடவை.

பெட்டியைத் தூக்கி ஜீப்பில் மாட்ட மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "ஏகாதசிக் கூட்டம் அடங்கட்டும்மா, இப்ப தெருவுக்குள்ள வண்டி விட மாட்டாங்க" என்றார். கூட்டம் அடங்குவதற்குள் இவருக்கு வாதம் இரண்டாவது தடவை வந்தது.

இந்த முறை விழுங்குவதும் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். இடது கையால் பிடுங்கினார். மறுபடி போட்டார்கள். மறுபடி பிடுங்கினார். கையைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். வயிற்றில் துளை போட்டு நேராக அதிலேயே குழாய் வைத்தால் சில மாதங்கள் தாங்கும், வீட்டுக்குக் கூட்டிப் போனால் சில நாட்கள்தான், நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"போட்டுடலாம்" என்றான் மகன்.

நான் கட்டிலுக்குப் போய்க் கைக்கட்டை அவிழ்த்தேன். "என்னங்க, வயித்துல குழாய் வச்சா இன்னும் கொஞ்ச நாள் இருப்பீங்களாம். வைக்கச் சொல்லட்டுமா?"

"போதும்."

தணிந்த குரல். ஒரே ஒரு தடவை. வேறு மாதிரி சொல்வாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அப்பாவுக்கு அது ஒண்ணுதானேம்மா வருது. வேணும்னாலும் அதான், வேணாம்னாலும் அதான். அதை வச்சு எப்படி முடிவு பண்றது?" மகன் அழுதான். "நாளைக்கு உன்னைத்தான் எல்லாரும் சொல்வாங்க."

"சொல்லட்டும். எனக்கு அவர் சொல்றது தெரியும்டா" என்றேன். தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

வீட்டில் கட்டிலை ஷெட் தெரிகிற மாதிரி போட்டோம். மூடியெல்லாம் முறுக்கி முடித்த பெட்டி ஸ்டூல்மேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். புரையேறாத மாதிரி தலையை உயர்த்தி வைத்து, கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை டாக்டரம்மா காட்டித் தந்தபடி ஸ்பூன் நுனியில் தொட்டுத் தொட்டுக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு நாலைந்து வாய் இறங்கும். பிறகு இரண்டு. அன்றைக்கு ஒரு வாய் விழுங்கினார். அடுத்த வாய்க்கு ஸ்பூனை எடுத்துக்கொண்டு போனேன்.

"போதும்" என்றார்.

ஸ்பூனில் கஞ்சி இருந்தது. என் கை அவர் வாய்க்கு அருகில் இருந்தது. நான் ஸ்பூனைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தேன்.