ஞாயிற்றுக்கிழமை திறக்காத வாசல்

சைலஸ் மீன்பொறிக் காவலுக்குப் போனது 1947 கோடையில். அதற்கு முன் அவனும் அவன் தங்கை லிடியாவின் புருஷன் வெஸ்லியும் ஒரே படகில் சுருக்குவலை போட்டவர்கள். அலாஸ்காவின் அந்தக் குடா வாயில் மீன் டப்பா கம்பெனி பொறியை இறக்கிய மூன்றே வருடத்தில், படகுக்கு எண்ணெய் ஊற்றக்கூடக் கட்டுப்படியாகவில்லை.

கரையிலிருந்து கடலுக்குள் ஆயிரம் அடிக்குக் கம்பிவலைச் சுவர். ஆறு தேடி வரும் சால்மன் மீன் அதில் முட்டும். அதன் ஓரமாகவே நீந்தும். குறுகிக்கொண்டே போகும் வழியில் நுழைந்து கூண்டுக்குள் அடைபடும். பத்துப் படகுகள் ஒரு வாரம் அலைந்து பிடிப்பதைப் பொறி ஒரே நாளில், இருந்த இடத்திலிருந்தே பிடித்தது. அதன்மேல் கட்டிய பலகைக் குடிசையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பதுதான் சைலஸின் வேலை.

சனி மாலை முதல் திங்கள் காலைவரை பொறி வாசலைத் திறந்துவிட வேண்டும் என்பது சட்டம். முட்டையிடப் போகும் மீனுக்கு அதுதான் வழி.

"மூடியே வை. எவன் வந்து பாக்கப் போறான்? வேலை வேணுமா, வேணாமா?" என்றான் கம்பெனி மேஸ்திரி.

சைலஸ் திறக்கவில்லை. அடுத்த வாரமும் திறக்கவில்லை.

ஒரு ஞாயிறு பகலில் வெஸ்லி படகைப் பொறியோரம் நிறுத்தினான்.

"என்ன மச்சான், கம்பெனிக்காரரே! சுட்டுடாதீரு. உம்ம தங்கச்சி கருவாடு குடுத்தனுப்பியிருக்கா. போன வருசத்துது. இந்த வருசத்து மீனு மேலதான் நீரு உக்காந்திருக்கீரே!"

"வம்பு வேணாம் மாப்ள."

"இன்னைக்கு ஞாயிறு. வாசல் ஏன் மூடியிருக்கு?"

"திறந்தா அனுப்பிடுவாங்க. நாலு பிள்ளைங்கடா எனக்கு."

"எனக்கு மட்டும் என்ன, நாய்க்குட்டிங்களா?" வெஸ்லி சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "குடாவுக்குள்ள மீன் இல்ல. முனை தாண்டி வெளிக்கடலுக்குப் போறேன்."

"இந்தப் படகு அங்க தாங்காதுடா. போகாத."

"அப்போ திற."

சைலஸ் வாசலைத் திறக்கும் கயிற்றில் கைவைத்தான். எடுத்துவிட்டான். கருவாட்டுப் பொட்டலத்தைப் பலகைமேல் வீசிவிட்டு வெஸ்லி போய்விட்டான்.

வியாழக்கிழமை படகின் பலகைகள் முனைப் பாறைகளில் ஒதுங்கின. வெஸ்லி கிடைக்கவில்லை. அந்த வாரம் பொறியில் நாற்பதாயிரம் மீன். மேஸ்திரி சைலஸின் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

இலையுதிர்காலத்தில் ஊர்ப் பெண்கள் குளிர்காலத்துக்கு மீன் சேர்க்க ஓடைக்குப் போனார்கள். வெறும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வருடம் எந்தக் கொட்டகையிலும் மீன் வாட்டும் புகை எழவில்லை. லிடியாவின் கைக்குழந்தை வசந்தம்வரை தாங்கவில்லை.

பல வருடம் கழித்து, பொறிகளை ஒழிப்பதா என்று விசாரிக்க அதிகாரிகள் வந்தார்கள். ஊர்க் கூடத்தில் சைலஸ் எழுந்து நின்றான்.

"அந்தக் கோடை முழுக்க ஒரு ஞாயிறுகூட நான் திறக்கல. கம்பெனி சொல்லுச்சு. மூடினது என் கை."

"திறக்கச் சொல்லி யாராவது கேட்டாங்களா?" என்றார் ஓர் அதிகாரி.

"என் தங்கச்சி புருஷன் கேட்டான்."

பின்பெஞ்சிலிருந்து லிடியா எழுந்து வெளியே போனாள்.

பொறிகளுக்குத் தடை வந்தது. ஓடையில் மீன் பெருகப் பல வருடம் பிடித்தது. சைலஸ் மறுபடி கடலுக்குப் போகவில்லை. டப்பா ஆலையில் பெட்டிக்கு ஆணி அடித்துப் பிழைத்தான். குளிர் தொடங்கும்போது தங்கை வீட்டு முன்னால் விறகு பிளந்து அடுக்கிவிட்டு வருவான். லிடியா அதை எரித்தாள். அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.