நாற்பத்துநாலு பாகைச் சாய்வு

அவனை அந்தக் கம்பனியில் சேர்த்துவிட்டதே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில் சோலர் பனல் பூட்டுகிற சின்னக் கம்பனி அது. நானும் அவனும் அங்கே வரைபடம் கீறினோம். கம்பஸில் படிக்கும்போதே எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், கனடாவுக்கும் எனக்குப் பின்னால் வந்தவன். கரிபியன் கடலில் ஒரு குட்டி நாட்டின் கிராமத்து கிளினிக்குகளுக்குச் சூரிய மின்சாரம் அமைக்கும் வேலை எங்கள் கம்பனிக்குக் கிடைத்தது. வெயிலுக்குக் குறைவில்லாத நாடு, ஆனால் டீசல் கப்பல் பிந்தினால் ஊரே இருட்டு. முதல் கிளினிக்குக்கு மனேஜர் அவனை அனுப்பினார். லோரன்ஸ் அவெனியூவில் பஸ்ஸுக்கு நின்று நின்று மூக்கு விறைத்துப்போன நான் அவர் கண்ணில் படவில்லை.

"உங்களுக்கு வயித்தெரிச்சல்" என்றாள் மனைவி.

"ஓம், எரியுதுதான். இல்லையெண்டு ஆர் சொன்னது?"

எங்கள் ஒஃபிசில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கீறிய வரைபடத்தை இன்னொருவர் பார்த்து, மூலையில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். புறப்படுவதற்கு முதல் நாள் அவன் தாளைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தான்.

"அண்ணை, ஒருக்காப் பாத்துத் தாங்கோ. நீங்கள் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பிழை தெரிந்துவிட்டது. பனலின் சாய்வு நாற்பத்துநாலு பாகை. ரொறன்ரோவுக்கு அது சரி. இங்கே சூரியன் தெற்கே தாழ்ந்து போவதால் பனலை நிமிர்த்தி வைக்கிறோம். அந்தத் தீவிலோ சூரியன் உச்சந்தலையில் நிற்கும், பனலை அநேகமாகப் படுக்கவைக்க வேண்டும். ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு கொட்டேஜ் வீட்டுக்குக் கீறிய பழைய வரைபடத்தை எடுத்து, ஊர்ப் பெயரை மாற்றியவன் கோணத்தை மாற்ற மறந்துவிட்டான். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் சைக்கிள் ஓடித் திரிந்தவன் விடுகிற பிழையா இது!

அப்படியே பூட்டினால், முகில் மூடிய நாட்களில் தடுப்பூசி மருந்து வைக்கிற பிரிட்ஜ் நின்றுபோகும். அதுவும் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வாயில் கொழுக்கட்டை வைத்தவன்போல் இருந்தேன். போய் அவமானப்பட்டு வரட்டும் என்று நினைத்தேன். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். வழக்கத்தைவிட வடிவாகவே விழுந்தது.

மூன்று வாரத்தில் திரும்பி வந்தான். கறுத்து, மினுங்கி, பத்து வயது குறைந்தவன்போல் இருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவமானப்பட்ட முகமாகவும் தெரியவில்லை.

அன்றே மனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் மேசையில் அதே வரைபடம். நாற்பத்துநாலு சிவப்புப் பேனையால் வெட்டப்பட்டு, பக்கத்தில் பதினைந்து என்று எழுதியிருந்தது. கூரையில் நின்றவன் மத்தியானம் தன் நிழல் காலடிக்குள் ஒடுங்கியதைக் கண்டானாம். உடனே பிழை விளங்கி, பனலைத் தாங்கும் சட்டங்களின் பின்கால்களை வெட்டிக் கட்டையாக்கிப் பூட்டினானாம். பிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறது.

மிச்சக் கிளினிக்குகளுக்கு இரண்டு பேர் போகவேண்டும் என்றார். கூட வருவதற்கு அவன் புறப்படும்போதே என் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறான். "என் வரைபடங்களை அவர் பார்த்தால் பிழை தப்பாது" என்று அவன் எழுதியிருந்ததை மனேஜர் எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டு, அந்தக் கட்டத்திலிருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். வேறு ஆளைப் போடப்போவதாகச் சொன்னார்.

எழுந்து கதவைத் திறந்தேன். வெளியே அவன் காத்துக்கொண்டு நின்றான்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. பிழை என்ர பக்கம். நான்தான் உங்களை அவசரப்படுத்தினனான். பாருங்கோ, ரெண்டு பேருக்குமே தெரியாமல் போச்சு."

எனக்கு வேலை தெரியும் என்று காட்டவேண்டுமானால், பார்த்தும் சொல்லாமல் விட்டேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். முட்டாளா, அயோக்கியனா, இரண்டில் ஒன்றை எடுத்தாகவேண்டும்.

"ஓம்" என்றேன். "எனக்கும் தெரியேல்லை."