பள்ளியில் இடமில்லாமல் கப்பலேறியவர்

1999 ஜனவரி, ஒரு வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பாரிமுனையிலிருந்து ஆரணி பஸ் புறப்பட்டது. டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய். காஞ்சிபுரம், செய்யார் வழியாக ஏறத்தாழ நூற்று நாற்பது கிலோமீட்டர். ஜன்னலோரம் அமிர்தம்மாள். எழுபது வயது. ஃபிஜித் தீவில் பிறந்து, அங்கேயே தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் என் பழைய அலுவலக நண்பன். "அம்மாவுக்கு ஒரு நாள் துணைக்குப் போ" என்று சிட்னியிலிருந்து போனில் கேட்டிருந்தான்.

அம்மாள் பேசியதைக் கேட்டுவிட்டுக் கண்டக்டர், "பெரிம்மாவுக்கு வேலூரு பக்கமா?" என்றார்.

"இல்லப்பா, ஃபிஜி."

"அது எந்த ரூட்டுங்க?"

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வேலூர்ப் பக்கத்துத் தமிழ், அவருடைய அப்பா ஆரணிக்குப் பக்கத்துச் சேவூரிலிருந்து கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியபோது கொண்டுபோனது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் பார்க்காத அண்ணனைத் தேடி இப்போது அவர் சேவூருக்குப் போகிறார். திருவண்ணாமலைக்கு வந்த ஃபிஜிக்காரர் ஒருவர் சேவூரில் விசாரித்து, அண்ணன் குப்புசாமி உயிரோடு இருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்கு மேல் எதுவும் தெரியாது.

செய்யாரில் பஸ் கால் மணி நேரம் நின்றது. டீ குடித்தபடி அம்மாள் பழைய கதையைச் சொன்னார். ஒப்பந்தம் முடிந்தவர்கள் குத்தகை நிலம் எடுத்துத் தீவிலேயே தங்கிவிட்டார்கள். வீட்டுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள். வெள்ளைக்கார சர்க்காரோ கரும்பைப் பார்த்த அளவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துக்கே ஒரு மிஷன் பள்ளிதான். அங்கே இடம் கேட்டு அப்பா மூன்று தடவை நடந்தார். கிடைக்கவில்லை. ஊர் திரும்பிய பெரியப்பாவோடு ஒன்பது வயது குப்புசாமியை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார், படித்துவிட்டு வரட்டும் என்று.

"எனுக்கு அப்ப ஆறு வயசு. அவன் மேல பொறாமையா இருந்துச்சு. பையன்னா கப்பல்ல அனுப்பிப் படிக்க வைக்கிறாங்க, என்னைய அடுப்புகிட்ட விட்டுட்டாங்கன்னு."

பதினொரு மணிக்கு ஆரணி. அங்கிருந்து சேவூருக்கு ஆட்டோ, இருபது ரூபாய். நெல் வயல்கள் முடிகிற இடத்தில் வீடுகள் தொடங்கின. பாதி வீடுகளில் தறிச் சத்தம். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அம்மாள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

குப்புசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கையை நெடுநேரம் பார்த்தார். "அமிர்தமா? கப்பல்லயா வந்தே?" என்றார்.

"ஏரோப்ளேன்ல, அண்ணே."

மருமகள் வசந்தா காபி கொண்டுவந்தாள். யாரும் அழவில்லை. சற்றுப் பொறுத்து அம்மாள், அத்தனை வருஷம் காத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"எது வரைக்கும் படிச்சே அண்ணே?"

"யாரு, நானா?" கிழவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கேட்கிறாளோ என்பதுபோல. "வந்த வருசமே பெரியப்பா காய்ச்சல்ல போயிட்டாரு. வெச்சி சோறு போட்டவங்க தறியில குந்த வெச்சாங்க. கையெழுத்து போடுவேன். அவ்ளோதான்."

"பெரியவன் படிச்சிகினு இருக்கான்னு அப்பா சாவற வரைக்கும் சொன்னாரே."

"அவருகிட்ட அப்டி யாரு சொன்னது?"

அம்மாள் யோசித்தார். "யாரும் சொல்லல. அவராவே சொல்லிகினாரு."

உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் கேட்டார், "நீ டீச்சராமே. நம்ம பக்கம் இஸ்கூல்ல எடமே இல்லியே, எங்க படிச்சே?"

அம்மாள் என்னைப் பார்த்தார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வேறு ஊரில் தங்கிப் படித்தேன் என்றால் முடிந்தது.

"நீ கப்பல் ஏறின மறு வருசம் அங்கயே இஸ்கூல் வந்துச்சு. சர்க்கார் தரலன்னு நம்மாளுங்களே கட்டினாங்க. அப்பாவும் நாணல் அறுத்து சுவர் வெச்சாரு."

"நம்ம வீட்டுலேர்ந்து எம்மாந் தூரம்?"

"அம்மா கூப்பிட்டா கேக்கும்."

கிழவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

சாப்பாட்டு நேரத்துக்கும் வரவில்லை. வசந்தா, "கோவம் வந்தா இப்டித்தான் அத்த, நீங்க சாப்டுங்க" என்றாள். அம்மாள் இலையில் கைவைக்கவில்லை. மூன்று மணிக்கு நானும் அவரும் தேடிப் போனோம். தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் மதிலோரம் கிழவர் நின்றுகொண்டிருந்தார். கட்டடத்தில் இடம் போதாமல் இரண்டு வகுப்புகள் வேப்ப மரத்தடியில் நடந்தன. ஒரே ஆசிரியை இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தார்.

அம்மாள் அண்ணன் பக்கத்தில் போய் நின்றார்.

"அங்கயும் இவ்ளோ பசங்களா இருந்தாங்க?" என்றார் கிழவர், திரும்பாமலே.

"இதுக்கு மேல."

"எடம் இல்லன்னா மரத்தாண்ட குந்த வெக்கறாங்க பாரு. கடலு தாண்டியா அனுப்பறாங்க?"

மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்து போகும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அன்றே திரும்புவதாகத்தான் ஏற்பாடு. வீட்டு வாசலில் கிழவர் என்னிடம், "நீங்க கெளம்புங்க தம்பி. இவ பத்து நாள் இருப்பா" என்றார். தங்கையை அவர் கேட்கவில்லை. அம்மாளும் மறுக்கவில்லை; செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

ஐந்தரைக்கு ஆரணியில் சென்னை பஸ் கிடைத்தது. செய்யார் தாண்டும்போது இருட்டிவிட்டது. தாம்பரத்தில் எங்கள் தெருவைச் சுற்றிப் பள்ளிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் எட்டாவது படிக்கும் மகனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்க்க முடிவு செய்திருந்தோம். மதிப்பெண் நன்றாக வருமாம். அவனுடைய விருப்பத்தை நானோ மனைவியோ கேட்கவில்லை. வீடு போய்ச் சேர்ந்தபோது அவன் விழித்திருந்தான். சட்டையைக்கூட மாற்றாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, விடுதிக்குப் போக விருப்பமா என்று கேட்டேன்.

"போகலப்பா" என்றான்.

சரி என்றேன்.