அண்ணன் விட்டுப்போன சத்தம்

பல் மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே உட்கார்ந்து பல் செட் செய்பவனைத் தெருவே ‘பல்லு’ என்றுதான் கூப்பிடும். ஊருக்கெல்லாம் வரிசைப் பல் செய்து கொடுப்பவனுக்கு முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கேட்டால், “கடைக்காரன் தன் சரக்கைத் தானே தின்னா கட்டுப்படியாகுமா?” என்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்தான்.

அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். பகலெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வந்து, முகம்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டரைப் போட்டு, அதிலும் ஒரு விளையாட்டில் லாரி ஓட்டுவார். தம்பி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வழி சொல்வான். அந்தக் கம்ப்யூட்டர் அண்ணனே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. அதில் படம் காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு வியாதி. திரையில் மழையோ கூட்டமோ வந்து படம் கனத்துவிட்டால் மெல்லியதாக விசிலடிக்கும். ஓட்டைப் பலூனிலிருந்து காற்று போவது மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் சமையலறைவரை கேட்கும். கேட்டதும் அண்ணி அடுப்பைப் பற்றவைப்பாள். வீட்டுக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஒருநாள் கிடங்கில் வண்டியை நிறுத்தியவர் இறங்கவேயில்லை. மாரடைப்பு.

சில மாதம் கம்ப்யூட்டர்மேல் துணி மூடிக் கிடந்தது. மருந்துக்கடையில் பில் போடும் அண்ணிதான் ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள். “தூசி புடிச்சுக் கெடக்கு தம்பி. நீயாவது போட்டு விளையாடு.”

அன்று சாயங்காலம் போட்டான். மழைச் சாலையில் லாரி ஏறியதும் விசில் கிளம்பியது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் சட்டென்று நின்றது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர் விழுந்தது. பிறகு தினமும் இதே கதை. விசில் தணியும்போது பக்கத்து நாற்காலியில் யாரோ கால் மாற்றிப் போட்டுக்கொள்வதுபோல அவன் முதுகு சில்லிடும். திரும்பிப் பார்க்க மாட்டான். பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும். அதுதான் பயம்.

பிறகு திரையில் பச்சைப் பச்சையாகக் கட்டங்கள் விழ ஆரம்பித்தன. வண்டி பாதி வளைவில் உறைந்து நின்றது. கார்டைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போனான். கடைக்காரர் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இதுக்கு வயசாயிடுச்சுங்க. இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும், அவ்வளவுதான். புதுசு போட்டுடுங்க. படம் கண்ணாடி மாதிரி இருக்கும். சத்தமே வராது.”

“சத்தமே வராதா?”

“மூச்சு விடுற சத்தம்கூட வராது.”

யோசித்துச் சொல்கிறேன் என்று பழையதையே வாங்கிக்கொண்டு வந்து மறுபடி மாட்டிவிட்டான். வேலையில் கை ஓடவில்லை. மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசை மெழுகில் பதித்து டாக்டரிடம் பாட்டு வாங்கினான். மாற்றினால் அண்ணனை அவனே வெளியே அனுப்பியதுபோல் ஆகிவிடும். மாற்றாவிட்டால் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அண்ணி குழாயை மூடிவிட்டு நின்றுகொண்டிருப்பாள். இதை அவளிடம் எப்படிக் கேட்பது என்றும் புரியவில்லை.

ஒருநாள் டாக்டர் வராததால் சீக்கிரம் வீடு திரும்பினான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து விசில் கேட்டது.  மெதுவாகப் போய்க் கதவைத் தள்ளினான். திரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நடுச்சாலையில் லாரி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுகிறவரின் நாற்காலி காலி. பக்கத்து நாற்காலியில் அண்ணி, மருந்துக்கடைக் கோட்டுகூடக் கழற்றாமல்.

அவள் திடுக்கிடவில்லை. “ஆன் பண்ணத் தெரியுது தம்பி. ஓட்டத்தான் தெரியல” என்றாள்.

“தினமும் போடுறீங்களா அண்ணி?”

“நீ வர்றதுக்கு முன்னாடி, கொஞ்ச நேரம்.” திரையையே பார்த்தாள். “சத்தம் வரணும்னுதான் போடுறேன். வந்ததும் கேக்க முடியல. நிறுத்தவும் மனசு வரல.”

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். கார்டு போகப் போகிறது, புதிதில் சத்தம் இருக்காது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“இப்படியே விட்டுட்டா என்னாகும்?”

“ஓடும்போதே ஒருநாள் நின்னுடும்.”

 திரையில் ஒரு பச்சைக் கட்டம் வந்து மறைந்தது.

“சொல்லாம நின்னது ஒண்ணு போதும் தம்பி” என்றாள். “நாமளே நிறுத்திடலாம். மாத்திடு.”

ஞாயிற்றுக்கிழமை இருவருமாகத்தான் பழைய கார்டைக் கழற்றினார்கள். அவள் டார்ச் பிடித்தாள். காற்றாடி இறக்கைகளில் அப்பியிருந்த தூசியைத் தன் முந்தானையாலேயே துடைத்து, கார்டைத் துண்டில் சுற்றிப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். புதியதில் மழைத்துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. எப்போதும் புகைமூட்டமாகவே இருந்த மலைக்கு அப்பால் ஓர் ஊரே இருந்தது, விளக்குகளோடு. அண்ணன் அதைப் பார்த்ததேயில்லை. அவன் அந்த ஊருக்குள் வண்டியை விடாமல் திருப்பிவிட்டான்.

வீடு அமைதியானது. அந்த அமைதிக்குப் பழக முடியவில்லை. விளையாடும்போது காது தானாகச் சுவர்ப் பக்கம் போகும். அந்தப் பக்கத்தில் அண்ணியும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவன் ஓட்டிக்கொண்டிருந்தபோது வாசல் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அண்ணியின் காலடி கூடத்துக்கு வந்து, அறைக் கதவுக்கு வெளியே நின்றது. கதவிடுக்கு வழியாகத் திரை வெளிச்சம் கூடத்தில் விழுந்திருக்க வேண்டும்.

“என்னங்க” என்றாள், தாழ்ந்த குரலில். “வந்துட்டீங்களா?”

அவன் கைகளைச் சாவிப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான். பதில் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“நான்தான் அண்ணி.”

 கூடத்தில் கைப்பையை மேசைமேல் வைக்கும் சத்தம்.

“தெரியும்” என்றாள் அண்ணி.