பையில் எழுதியிருந்த மா

என் மனைவிக்குப் பிரஷர் கூடிக்கொண்டே போனது. உப்பைக் குறைக்காவிட்டால் குளிசையைக் கூட்ட வேண்டும் என்றார் டொக்டர். கறிகளில் குறைத்தோம். ஊறுகாயை நிறுத்தினோம். மிஞ்சியது பாண், கடையில் வாங்கும் பிரெட். விடியமுன் மிசிசாகாவுக்கு வேலைக்குப் புறப்படுகிறவள் அவள். பாணும் தேங்காய்ச் சம்பலும்தான் கொண்டுபோவாள். கடைப் பாண் பையின் பின்பக்கத்தை அப்போதுதான் முதன்முறையாக வாசித்தேன். அவ்வளவு உப்பு இருக்குமென்று நினைத்திருக்கவில்லை.

"பாணை விடச் சொன்னா நான் வேலையையும் விட்டிடுவன்," என்றாள்.

"உப்புக் குறைச்சு நான் சுட்டுத் தாறன்."

அதுவரை நான் அடுப்படியில் செய்தவை தேத்தண்ணீரும் முட்டைப் பொரியலும். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை சரிவராட்டி, திங்கள் நான் கடைப் பாண்தான் கொண்டு போவன். சொல்லிப்போட்டன்."

யூடியூபில் ஒரு பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வீடியோவை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன். தராசு வாங்கினேன். மா வீட்டிலேயே ஒரு பை இருந்தது. மா, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் அவர் சொன்ன நிறை. உப்பு மட்டும் பாதி. அவருடைய மா றப்பர் போல இழுபட்டது. என்னுடையது பிய்ந்து பிய்ந்து வந்தது. பொங்கவே இல்லை. சுட்டதும் செங்கல் போல இருந்தது.

புது ஈஸ்ட் வாங்கினேன். தண்ணீரின் சூட்டை அளந்தேன். மறுபடியும் செங்கல்.

வீடியோவின் கீழே என் நிலைமையை ஒழுங்காக எழுதிக் கேட்டேன். மாப் பையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மா சரியானதுதான், உங்கள் வீடு குளிராக இருக்கலாம் என்று பதில் வந்தது. ஆகவே ஞாயிறு காலை, குழைத்த மாவை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அசையவில்லை.

மனைவி எழும்பி வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன மா போட்டனீங்கள்?"

பையைக் காட்டினேன். அவள் உள்ளே கைவிட்டு, மாவை விரல்களுக்கிடையில் உரசினாள். பிறகு கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

"ஐயோப்பா, இது புட்டுக்கு அவிச்சு அரிச்ச மா. போத்தல் நிரம்பிட்டுது எண்டு மிச்சத்தைத் திருப்பிப் பையிலை போட்டனான்."

"பையிலை என்ன எழுதியிருக்குதெண்டு பாரும்."

"உங்களுக்கு எழுதியிருந்தாப் போதும். தொட்டுப் பாக்க மாட்டியள்."

புட்டு உதிரியாக வரவேண்டும் என்பதற்காகத்தான் எங்கள் வீடுகளில் கோதுமை மாவை அவிக்கிறோம். அவித்தால் மாவின் பசை போய்விடும். பசை போனால் பாண் பொங்காது. வீடியோப் பெண்ணுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குளிருக்குள் காரை எடுத்துக்கொண்டு போய்ப் புதுப் பை வாங்கி வந்தேன். அன்று பின்னேரம் மா சட்டியின் விளிம்புவரை பொங்கியது. சுட்டு, ஆறவைத்து, ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அவள் ஆறுதலாக, நேரமெடுத்துச் சப்பினாள்.

"பாண் எண்டாப் பாண்தான். ஆனா உப்பில்லை. சம்பலுக்குக் கொஞ்சம் கூடப் போட்டாச் சரி."

"அப்ப நான் என்னத்துக்கு மினக்கெட்டனான்?"

"சரி, சரி, கத்தாதேங்கோ. உப்புக்குப் பதிலாத் தேசிக்காயைக் கூடப் புளியிறன்."

கடைப் பாணும் வீட்டில் இருந்தது. அவள் எதைக் கொண்டுபோவாள் என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை நான் எழும்பியபோது அவளுடைய கார் இல்லை. கடைப் பாண் பை கட்டியபடியே கிடந்தது. என் பாணில் மூன்றிலொரு பங்கைக் காணவில்லை. அவசரத்தில் வெட்டியதில் வெட்டுப் பக்கம் கோணலாக இருந்தது. அதை நேராக்கி, வந்த துண்டை நான் தின்றேன். உண்மையிலேயே உப்புப் போதாது.