தழும்புக்குப் பத்து நிமிடம்

எனக்கு எட்டு வயதான கோடை விடுமுறையில், எங்கள் வீட்டில் கடிகாரம் பார்க்கும் வேலை என்னுடையது. காலையில் அப்பாவின் ஸ்கூட்டர் வலியசாலைத் தெருமுனை திரும்பியதும் அம்மா உள்ளறைக் கதவைச் சாத்துவாள். சித்தப்பா சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் மல்லாந்து படுப்பார். நான் "ஸ்டார்ட்" என்பேன். பத்து நிமிடம் ஆனதும் "மதி, மதி" என்று மலையாளத்தில் நிறுத்தச் சொல்வேன்.

சித்தப்பா என்று இப்போது எழுதுகிறேன். அவர் அப்பாவுக்குத் தங்கையாகப் பிறந்தவர். அதுவரை எனக்கு அத்தை. பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கொச்சியில் மார்பை எடுத்துத் தட்டையாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு, ஐந்து வாரம் ஒரு சிநேகிதர் வீட்டில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். அப்பாவிடம் போனில் கட்டி எடுத்திருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். கட்டி என்றதும் அப்பாவுக்கு வேறு பயம். அந்த வியாதி இல்லை என்று பலமுறை சொல்லியும் நம்பாமல், தினமும் சாயங்காலம் சாலைக் கடைத்தெருவிலிருந்து மாதுளம்பழம் வாங்கி வந்து, தானே உதிர்த்துக் கிண்ணத்தில் போட்டுத் தங்கையிடம் நீட்டுவார்.

அம்மாவுக்கு இரண்டாம் நாளே எல்லாம் தெரிந்துவிட்டது. இருவரும் உள்ளறையில் வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்த அம்மாவின் மூக்கு சிவந்திருந்தது. மறுநாளிலிருந்து தேய்ப்பது தொடங்கியது.

தழும்பு இரண்டு. மார்பின் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, அக்குள் வரை போகும். சிவப்பாக, சணல் கயிறு மாதிரித் தடித்திருக்கும். புண் ஆறிவிட்டாலும் உள்ளே இறுகிப்போய்க் கையைத் தூக்க விடவில்லை. முன்பக்கத்தை அவரே தேய்த்துக்கொள்வார். அக்குள் பக்கம் எட்டாது. அங்கே அம்மாவின் விரல்கள். வழுக்கிக்கொண்டு போகக் கூடாது, அழுத்திப் பிடித்துத் தோலையே நகர்த்த வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். முதலில் வட்டமாக, அப்புறம் மேலும் கீழும், அப்புறம் குறுக்கே. அழுத்திய இடம் வெளுத்து, விட்டதும் சிவக்கும்.

"வலிக்கறதா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லை மன்னி. பாதி இடத்துல உணர்ச்சியே இல்லை. நீங்க தொடறதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறேன்."

அதற்குப் பிறகு அம்மா இன்னும் மெதுவாகத் தேய்த்தாள்.

ஒரு நாள் ஆறாவது நிமிடத்தில் அவர் என்னைப் பார்த்து, "சித்தப்பான்னு ஒரு தடவை கூப்பிடேன்" என்றார். கூப்பிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த ரூமுக்குள்ள மட்டுந்தான், கேட்டியா" என்றாள் அம்மா.

எனக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. உள்ளே சித்தப்பா, வெளியே அத்தை. மூன்று வாரம் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரமனையிலிருந்து அப்பாவின் பெரியப்பா உடம்பு விசாரிக்க வந்தார். காபி கலந்துகொண்டிருந்த அம்மா கேட்டுவரச் சொன்னதை நான் கூடத்தில் போய்க் கேட்டேன்.

"சித்தப்பா, உங்களுக்கும் காபி வேணுமா?"

வேறு யாரோ வந்திருப்பதாக நினைத்துப் பெரியவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அப்பா பார்த்தது தங்கையின் முகத்தை.

பெரியவர் போனதும் அப்பா சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கேட்டார். அம்மா எதையும் மறைக்கவில்லை. அப்பா கத்தவும் இல்லை. இருட்டும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"அவளை யாரும் போகச் சொல்லலை. எத்தனை நாள் வேணும்னாலும் இருக்கட்டும். நீ அத்தைன்னே கூப்பிடு. அது போறும்."

திட்டு விழும் என்று பயந்திருந்த எனக்கு உயிர் வந்தது. அப்பா கேட்டது ஒரே ஒரு வார்த்தை. நல்ல செய்தியோடு உள்ளறைக்கு ஓடினேன்.

"அப்பாக்குக் கோபமே இல்லை. நீங்க இங்கயே இருக்கலாமாம். நான் அத்தைன்னு கூப்பிட்டா போறுமாம்!"

"அப்படியா சொன்னார்?" என்றார் சித்தப்பா. பிறகு, "சாரமில்லை, போகட்டும் கொழந்தே. உன் மேல ஒரு தப்பும் இல்லை" என்று என் தலையைத் தடவினார். நான் தப்பு என்று எதுவும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையே கிளம்பிவிட்டார். "இன்னும் எத்தனை மாசம் தேய்க்கணும். யார் தேய்ப்பா?" என்று அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை என்றதும், ஒருக்களித்துப் படுத்து எதிர்க் கையால் அக்குள் பக்கத்தை எப்படிப் பிடிப்பது என்று தானே படுத்துச் செய்து காட்டினாள். தழும்புக்குப் போடும் ஜெல் டியூபைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தாள். அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெளியே வரவேயில்லை. பையை ஆட்டோ வரை அம்மாதான் சுமந்தாள்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எப்போதாவது அம்மாவுக்குப் போன் வரும். வலது பக்கம் இன்னும் இழுக்கறதாம் என்று அம்மா சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

அன்று ஆட்டோ நகர்ந்தபோது தெருவில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அப்பா சொன்னது எனக்கு நினைவிருந்தது. "போயிட்டு வாங்கோ அத்தை!" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டோ சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்து, பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி, இன்னொரு தடவை, இன்னும் உரக்கக் கத்தினேன்.