ஆளில்லாத வீட்டில் விளக்கு

அந்த அடுக்குமாடி எழும்பியபோதே எனக்கு அதன்மேல் நல்ல எண்ணம் இல்லை. ஏன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், வெளியிலிருந்து வருகிற பொருளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளமே. அந்தப் புத்தி சாயங்காலம் ஆபீசிலேயே தங்கிவிடுமா என்ன? என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். "உனக்கு சாமியே நேர்ல வந்தாலும் ஆதார் கார்டு கேப்ப" என்பார் என் வீட்டுக்காரர்.

குமணன்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே தள்ளி எங்கள் வீடு. அந்தக் கட்டடம் ரோட்டைப் பார்த்து நிற்கிறது. அதன் முதுகு எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. முன்பக்கம் இருந்த ஜோடனையைச் சொல்லி மாளாது. மாடிக்கு மாடி விளிம்பில் பட்டை பட்டையாக எல்இடி. ஊதாவாகும், பச்சையாகும், சிவக்கும், மறுபடி ஊதாவாகும். சுதந்திர தினத்துக்குக் கொடியின் மூன்று நிறமும் ஒன்றாக வரும். பூந்தமல்லியிலிருந்து வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் மெட்ரோ தூணுக்கும் தூணுக்கும் நடுவில் போனைத் தூக்கிப் படம் பிடிப்பார்கள். ஒரு தடவை பட்டுப்புடவையும் கையில் பரிசுப் பெட்டியுமாக ஒரு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கி, ரிசப்ஷன் எந்த மாடியில் என்று வாட்ச்மேனிடம் கேட்டதாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் அவ்வளவு விளக்கு போட்டால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் கோயில் திருவிழா.

பின்பக்கம் அப்படி இல்லை. அங்கே வெறும் சுவர், தண்ணீர்க் குழாய், கறுத்த ஜன்னல்கள். முன்னால் தீபாவளி, பின்னால் அமாவாசை. நான் தினமும் சாம்பார் கொதிக்க வைத்துக்கொண்டே பார்ப்பது அந்தப் பின்பக்கத்தைத்தான். ஒரு ஜன்னலிலும் துணி காயவில்லை. ஒரு வீட்டிலிருந்தும் குக்கர் விசில் கேட்கவில்லை. தாளிக்கிற வாசனை வரவில்லை. அத்தனை வீடு உள்ள கட்டடத்தில் யாருமே கடுகு போட்டுத் தாளிக்க மாட்டார்களா?

ஆனால் ரோட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் பால்கனிக்குப் பால்கனி மஞ்சள் பல்பு எரியும். ஹால் ஜன்னலில் காமாட்சி விளக்கு மாதிரி ஒரு குட்டி எலெக்ட்ரிக் விளக்கு, நிஜச் சுடர் போலவே ஆடிக்கொண்டிருக்கும். ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் கவனித்தேன். அத்தனையும் ஒரே நொடியில் எரிந்தன. எங்கள் தெருவில் அப்படி எரிந்து நான் பார்த்ததே இல்லை. ஒருத்தி விளக்கு வைக்கும்போது அடுத்த வீட்டுக்காரி கறிகாய் வாங்கப் போயிருப்பாள், இன்னொருத்தி டியூஷன் வாசலில் பிள்ளைக்காகக் காத்திருப்பாள். முன்னே பின்னே ஆகத்தான் செய்யும். ஆளில்லாத வீட்டுக்கு ஒருத்தன் கரண்ட் செலவு பண்ணுகிறான் என்றால் சும்மா பண்ணுவானா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

யார் எப்படி ஏமாந்தால் எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் வீடு பார்க்க வந்தது என் தங்கச்சி.

எனக்குக் கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். ஆவடியில் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்தாள். அவள் புருஷனுக்கு ஐடி கம்பெனியில் வேலை, இரண்டு பிள்ளைகள். அம்மா போன பிறகு, அவள் கூப்பிடு தூரத்தில் இருக்க மாட்டாளா என்று நான் ஏங்காத நாள் இல்லை. அப்படிப்பட்டவள் எங்கள் வீட்டு முதுகுக்கே குடிவரப் போகிறாள் என்றால் நான் குதித்திருக்க வேண்டும். நானோ சமையலறை ஜன்னலுக்குப் போய் அந்தக் கறுத்த ஜன்னல்களை மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

வீடு விற்கிற பையன் அவர்களைச் சாயங்காலத்தில்தான் வரச் சொன்னான். "அப்பதான் மேடம் எலிவேஷன் தெரியும்" என்று முகப்பு அழகைச் சொன்னானாம். நானும் கூடப் போனேன். ரோட்டில் இறங்கி நிமிர்ந்து பார்த்ததும் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருக்கா, எல்லார் ஊட்லயும் வெளக்கு வெச்சிட்டாங்க. நம்ப மாதிரி குடும்பக்காரங்கதான் கீறாங்க."

அவள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. அந்தி சாயும்போது வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று அம்மா எங்களை விரட்டி விரட்டி விளக்கு போட வைப்பாள். குவார்ட்டர்ஸில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு வீடு இருண்டிருந்தால் அவர்கள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். விளக்கு எரிந்தால் ஆள் இருக்கிறது. அதை நாங்கள் யாரும் யோசித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கட்டடக்காரனுக்கும் எங்களைப் போல ஒரு அம்மா இருந்திருப்பாள். அதனால்தான் எந்த விளக்கை எந்த ஜன்னலில் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சும்மாவா சொன்னார்கள்? விசாரிக்க எனக்கு ஆடி மாதம் கைகொடுத்தது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். நான் ஒரு தூக்கு நிறைய வாங்கி, வெங்காயமும் முருங்கைக்கீரைப் பொரியலும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். அந்தி விளக்குகள் எரிந்ததும் கிளம்பினேன். ஆடிக் கூழை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், எதற்கு வந்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

வாட்ச்மேன் கேட்டில் இல்லை. லிஃப்டை நம்பாமல் படியேறினேன். முதல் வீட்டில் மணியை அழுத்தினேன், உள்ளே மணியே அடிக்கவில்லை. அடுத்த வீட்டில் கதவைத் தட்டினேன். கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது, உள்ளே காலடிச் சத்தம் இல்லை. வாசலில் செருப்பு இல்லை, கோலம் இல்லை, பால் பாக்கெட் போடுகிற பை இல்லை. கதவுப் பிடியில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. மூன்று மாடி ஏறி இறங்கினேன். தெரிந்துதான் போனேன், ஆனாலும் இறங்கும்போது படிக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கீழே வந்தபோது வாட்ச்மேன் தன் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார்.

"இன்னாம்மா, யாரப் பாக்கணும்?"

"கூழு குடுக்க வந்தேன் அண்ணாத்தே. ஒர்த்தரும் கதவத் தொறக்கல."

"இருந்தா தொறக்க மாட்டாங்களா?" என்றவர், தூக்கைப் பார்த்தார். "எனக்கு ஊத்து."

ஊற்றினேன். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நிதானமாகக் குடித்தார்.

அன்றைக்கே தங்கச்சிக்குப் போன் போட்டு ஒன்று விடாமல் சொன்னேன். பகலில் வந்து பார், பின்பக்கமாகப் பார், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றேன். அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

"நான் உன் பக்கத்துல வந்துருவேன்னு பயமாக்கா?"

"இன்னாடி பேசற?"

"பின்ன இன்னா? கூழத் தூக்கிகினு வேவு பாக்கப் போயிருக்க. கல்யாணத்துக்கு முன்ன எங்க ஊட்டுக்காரரு தெருவுல போயி, மாப்ள குடிப்பாரான்னு டீக்கடையில கேட்டவதான நீ? அவரு இன்னி வரிக்கும் சொல்லிக் காட்டறாரு. உனக்கு எது நல்லதா தெரிஞ்சிருக்குது?"

டீக்கடையில் கேட்டது உண்மைதான். குடிக்க மாட்டார் என்று தெரிந்ததும் எல்லாரையும்விடச் சந்தோஷப்பட்டவளும் நான்தான். அதை யாரிடம் சொல்ல? அவள் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று எத்தனை வருடமாகக் கிடந்து தவித்தேன். அவளுக்கு அது நேர்மாறாகத் தெரிந்துவிட்டதே என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். என் வீட்டுக்காரர் ஒருவழியாகச் சமாதானம் சொன்னார். "சொல்ல வேண்டியத சொல்லிட்ட. வாயத் தெறக்காம இரு இனிமே."

அவர்கள் அதையே வாங்கினார்கள். வெளிச்சம் நன்றாக வரும் என்று ரோட்டைப் பார்த்த வீட்டைத்தான் கேட்டு வாங்கினார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் போய் வேலை செய்தேன், பால் பொங்கியதும் கும்பிட்டேன், வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து தங்கச்சி சாயங்காலமானால் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். "பசங்க உன் சாம்பாரு கேக்குதுங்க" என்பாள். அடுத்த நாள் இட்லி கேட்கிறார்கள். அதற்கடுத்த நாள் டிவி சரியாகத் தெரியவில்லை. சின்னவன் சாப்பிட்ட கையோடு பாயில் சுருண்டு விடுவான். அவளும் அவனைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே கண்ணை மூடிவிடுவாள். சின்ன வயதில் பார்த்த அதே முகம். கண்ணுக்குக் கீழே மட்டும் மை தடவினாற்போல் கறுத்திருந்தது. வந்துவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம்தான். கூடவே சந்தேகமும். புருஷனோடு சண்டையா? உடம்புக்கு ஏதாவதா? கேட்டால் மறுபடி டீக்கடைக் கதை வரும். பேசாமல் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

ஒரு நாள் அவள் வரவில்லை. பிள்ளைகளுக்கு என்று சாம்பாரை எடுத்துக்கொண்டு நானே போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் படுக்கையறைக் கதவைச் சாத்தப் பார்த்தாள். அதற்குள் பார்த்துவிட்டேன். ஜன்னலில் அவள் கல்யாணப் புடவை நான்காக மடித்துத் தொங்கியது. அதற்குமேல் ஃபிரிட்ஜ் வந்த அட்டையைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். அப்படியும் நாலு ஓரத்திலும் வெளிச்சம் பீறிட்டு உள்ளே வந்தது. அந்த எல்இடி பட்டை அவர்கள் ஜன்னலுக்கு அடியிலேயே ஓடுகிறது. சுவர் ஊதாவானது, பச்சையானது. சின்னவன் கட்டிலில் உட்கார்ந்து, சிவப்பு வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"அணைக்கச் சொல்லக் கூடாதா?" என்றேன்.

"ஸ்விட்சு ஆபீஸ் ரூம்ல கீது. எல்லா ஊடும் விக்கிற வரிக்கும் எரியணுமாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "தூக்கத்த உடுக்கா. வாசல்ல நின்னா எல்லா ஊட்லயும் வெளக்கு எரியுது. ஒர்த்தரும் இல்ல. ஒரு அவசரம்னா தட்டறதுக்கு ஒரு கதவு இல்ல. அவரு நைட் ஷிப்டு போனா எனக்கு பயமா கீது. யாராச்சும் ஒரு குடும்பம் வந்தா போதும்னு தெனம் வேண்டிக்கிறேன்."

அவளை அணைத்துக்கொண்டேன். நான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். காற்றாட நிற்கலாம் என்று அவளைக் கீழே அழைத்துக்கொண்டு வந்தேன்.

கேட்டருகில் ஒரு கார் நின்றது. புருஷன், பெண்சாதி, இடுப்பில் ஒரு குழந்தை. தென்பக்கத்து ஊர்க்காரர்கள், பேச்சிலேயே தெரிந்தது. வீடு விற்கிற பையன் கையை நீட்டி மேலே காட்டிக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "இதோ, இங்க இருக்கறவங்களே வந்துட்டாங்க சார்" என்றான்.

அந்தப் பெண் நேரே எங்களிடம் வந்தாள். "எல்லா வீட்டுலயும் ஆள் வந்துட்டாங்களா அக்கா? ராத்திரி இவுக வேலைக்குப் போயிருவாக. பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு தைரியமா இருக்கும். அதுக்குத்தான் கேக்கேன்."

தங்கச்சி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். மேலே எரியும் விளக்குகளைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டுவதற்கு அவளுக்கு ஒரு கதவு கிடைத்துவிடும். பையன் சிரித்தபடி நின்றான். அவள் பொய் சொன்னாலும் நான் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்று அந்த நேரத்தில் முடிவே செய்துவிட்டேன்.

அவள் என் தோளில் கையை வைத்தாள்.

"இவ எங்க அக்கா. இவளக் கேளுங்க. எல்லாத்தையும் வெசாரிச்சி வெச்சிருப்பா. எங்கிட்டயும் சொன்னா, நான்தான் கேக்கல."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தரும் இல்லம்மா," என்றேன். "எந்தங்கச்சி மட்டுந்தான் கீறா."